பிள்ளைகளே கட்டும் ஃபீஸ்

2025 மே 8 அன்று ராபர்ட் பிரவோஸ்ட் பதினான்காம் லியோவாக வத்திக்கான் மாடத்தில் வந்து நின்றதும், செய்தியாளர்கள் சிகாகோ நகரின் தென்கோடிக்கு ஓடினார்கள். முதல் அமெரிக்கப் போப்பாண்டவர் சிறுவனாகப் பூசைக்கு உதவிய கோயில், படித்த பங்குப் பள்ளி, வளர்ந்த சின்னஞ்சிறு செங்கல் வீடு எல்லாம் திரையில் வந்தன. விண்ணேற்பு மாதா பெயர் கொண்ட அந்தக் கோயில் கைவிடப்பட்டுக் கிடந்தது. கூரையில் ஓட்டை, உள்ளே சுவரில் கிறுக்கல். பள்ளி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அவருடைய தாய் மில்ட்ரெட் ஒரு நூலகர். அவர் பணியாற்றிய மெண்டல் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி 1988-இல் மூடப்பட்டது. பிரவோஸ்ட் விடுதியில் தங்கிப் படித்த மிச்சிகன் மாநிலத்து அகுஸ்தினார் குருமடப் பள்ளியும் இன்று இல்லை.

1960-களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 13,000. இன்று பள்ளிகள் 6,000-க்கும் கீழே, பிள்ளைகள் ஏறத்தாழ 17 லட்சம். அன்றைக்கு நாட்டிலேயே பெரிய கத்தோலிக்கப் பள்ளி அமைப்பு சிகாகோ உயர் மறைமாவட்டத்தினுடையது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். மக்களுக்குப் பக்தி குறைந்துபோனதுதான் இந்தச் சரிவுக்குக் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி, ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவை யார் சுமப்பது என்ற கணக்கு.

அந்தக் கணக்குக்கு விடை தேடி அதே சிகாகோவில் 1996-இல் ஒரு பள்ளி தொடங்கியது. சுற்றிலும் பள்ளிகள் மூடிக்கொண்டிருந்த காலம். கிறிஸ்டோ ரே ஜெசூட் உயர்நிலைப் பள்ளி என்பது அதன் பெயர். நம் ஊரில் கிறிஸ்து ராஜா பள்ளி என்போமே, அதே பெயர்தான் ஸ்பானிய மொழியில். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் தனியார் பள்ளி. நடத்துபவர்கள் இயேசு சபையினர். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. இடம் கிடைத்த பிள்ளைகள் மாதத்தில் ஐந்து நாள் நகரத்து அலுவலகங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளம்தான் பள்ளியை நடத்துகிறது.

சம்பளம் வாங்காத கைகள்

இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்று புரிந்துகொள்ள, அதற்கு முன்னால் செலவைச் சுமந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, இத்தாலி என்று கத்தோலிக்கர்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அரசுப் பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் பைபிள் வாசிக்கப்பட்டது, புராட்டஸ்டண்ட் செபம் சொல்லப்பட்டது. எந்த பைபிளை வாசிப்பது என்ற சச்சரவு 1844-இல் பிலடெல்பியாவில் கலவரமாக வெடித்து, கத்தோலிக்கக் கோயில்கள் கொளுத்தப்பட்டன. 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் ஒரு கட்டளை போட்டார்கள்: ஒவ்வொரு கோயிலுக்கும் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பங்குப் பள்ளி எழ வேண்டும்.

கட்டளை போடுவது எளிது. பணம்? தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் அந்த வழி இல்லை. மதம் சார்ந்த பள்ளிக்குப் பொதுப் பணம் கொடுக்கக் கூடாது என்று இல்லினாய் மாநிலம் 1870-இலேயே தன் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது. பென்சில்வேனியாவும் ரோட் ஐலண்டும் ஒரு நூறு ஆண்டு கழித்துக் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கப் பார்த்தன. 1971-இல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

ஆகவே சுமை கன்னியர் தலையில் இறங்கியது. 1965-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 1,80,000 கன்னியர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வகுப்பறையில் நின்றவர்கள். பங்கிலிருந்து அவர்களுடைய மடத்துக்குச் சென்றது கைச்செலவுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படியான தொகை இல்லை. ஓய்வூதியம் என்ற பேச்சே எழவில்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வதற்கே 1972-இல்தான் சட்டம் வழிவிட்டது. அந்தப் பெண்கள் முதுமை அடைந்தபோது மருந்து வாங்கவும் மடங்களில் பணம் இல்லை என்று தெரியவந்தது. 1988 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் அமெரிக்கக் கோயில்களில் வயோதிகத் துறவியருக்காக ஒரு தனிக் காணிக்கை எடுக்கிறார்கள். கத்தோலிக்கக் கல்வி மலிவாக இருந்த காலத்துக் கடனை, அந்தக் கல்வியால் உயர்ந்தவர்கள் இன்றும் தவணை தவணையாக அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மலிவுக்கு வேறு விலையும் இருந்தது. ஒரு சிஸ்டர், ஓர் அறை, ஐம்பது அறுபது பிள்ளைகள்: அன்றைய வழக்கமான வகுப்பு இதுதான். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் மேற்குப் பகுதியில், தேவதூதர்களின் மாதா பங்குப் பள்ளியில் பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்னால் தீப்பிடித்தது. 92 பிள்ளைகளும் மூன்று கன்னியரும் இறந்தார்கள். பழைய கட்டடங்களுக்கு விதிவிலக்கு இருந்ததால், தண்ணீர் தெளிப்பான்கள் இல்லாத அந்தக் கட்டடம் சில வாரங்களுக்கு முன்புதான் தீத்தடுப்புச் சோதனையில் தேறியிருந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் தீப்பாதுகாப்பு விதிகள் அதற்குப் பிறகே கடுமையாயின. அந்த மூன்று கன்னியரும் தங்கள் வகுப்புப் பிள்ளைகளோடுதான் இறந்தார்கள். இந்தப் பள்ளிகளின் வரலாற்றை எழுதும் யாரும் அவர்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

பிறகு கன்னியர் குறைந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னால் பலர் மடத்தை விட்டு வெளியேறினார்கள், புதிதாகச் சேர்பவர் அருகினர். இன்று கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குக் குறையாமல் பொதுநிலையினர். அவர்களுக்குக் குடும்பம் உண்டு, வாடகை உண்டு, நியாயமான சம்பளம் கேட்கும் உரிமையும் உண்டு. செலவு ஏறியது, கட்டணமும் ஏறியது. வசதி வந்த பழைய குடியேறிகளின் பேரப்பிள்ளைகள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். நகரத்துப் பழைய பங்குகளில் புதிதாகக் குடிவந்தவர்கள் மெக்சிகோக்காரர்கள். ஐரிஷ்காரருக்கும் போலந்துக்காரருக்கும் கிடைத்த அதே வாசலில் அவர்களும் வந்து நின்றார்கள். வாசல் இருந்தது. ஊதியம் வாங்காமல் கற்பிக்கும் கைகள் இல்லை.

பில்சன்

பில்சன் என்பது சிகாகோவின் கீழ்மேற்குப் பகுதி. செக் நாட்டவர் குடியேறித் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்த இடம். 1960-களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் சிகாகோ வளாகத்தைக் கட்ட, பக்கத்துக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்து பெயர்ந்த மெக்சிகோக் குடும்பங்கள் பில்சனில் வந்து நிறைந்தன. 18-ஆம் தெருவில் ரொட்டிக் கடைகளும் குவாதலூப்பே மாதா சுவரோவியங்களும் வந்தன. மெக்சிகோக் கலைக்கான தேசிய அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது.

இயேசு சபைக்கு இந்த நகரத்தில் ஏற்கெனவே பேர்பெற்ற பள்ளிகள் உண்டு. பில்சனுக்கு வடக்கே, ஓரிரு மைலில் புனித இஞ்ஞாசியார் பள்ளி இருக்கிறது. 1871-இல் சிகாகோவைத் தின்ற பெருந்தீயில் தப்பிய கட்டடம் அது. இன்று அதன் ஆண்டுக் கட்டணம் 20,000 டாலருக்கும் மேலே. ஹோட்டல் அறை துடைப்பவர், தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுபவர், உணவகத்தில் தட்டு கழுவுபவர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாத உயரம். 1990-களின் நடுவில் சபையார் பில்சன் மக்களிடமே போய், உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், நாங்கள் கட்டக்கூடிய கட்டணத்தில் உள்ள ஒரு பள்ளி வேண்டும் என்று பதில் வந்தது.

இயேசு சபையின் மாகாணத் தலைவர் பிராட்லி ஷேஃபர், அருட்தந்தை ஜான் ஃபோலியை அழைத்தார். ஃபோலி சிகாகோக்காரர். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரு நாட்டில் பள்ளிப் பணி செய்தவர், ஸ்பானிய மொழி கரைகண்டவர். (இன்றைய போப்பாண்டவரும் சிகாகோவில் பிறந்து பெருவில் பல ஆண்டுகளைக் கொடுத்தவர்தான். அந்த மண்ணில் ஏழைகளோடு இருந்தவர்கள் திரும்பி வரும்போது சொந்த ஊரையே வேறு கண்ணால் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.) இடம் பார்த்தாயிற்று, ஆட்களைப் பார்த்தாயிற்று, பணத்தில் வந்து நின்றது. நன்கொடையை மட்டும் நம்பினால் ஒரு தலைமுறைகூடத் தாங்காது என்று ஃபோலிக்குத் தெரியும்.

யோசனை சொன்னவர் ரிக் முர்ரே என்ற ஆலோசகர். பிள்ளைகளே வேலை பார்த்தால் என்ன? சிகாகோவின் நகர மையமான லூப் பகுதியில் வக்கீல் நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே கோப்பு அடுக்க, தபால் பிரிக்க, நகலெடுக்க, கணினியில் விவரம் ஏற்ற எப்போதும் ஆள் வேண்டும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு முழுநேர வேலையைப் பகிர்ந்துகொண்டால், அந்த ஒரு சம்பளம் நான்கு பேரின் படிப்புக்குப் பெரும்பங்கு ஆகும். கேட்டவர்கள் முதலில் தலையை ஆட்டவில்லை. வேறு வழியும் அவர்களிடம் இல்லை.

ஒரு மேசை, நான்கு பேர்

ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பாடம் தொடங்குவதற்கு முன்பே கோடையில் ஒரு பயிற்சி. கை குலுக்குவது எப்படி, முகத்தைப் பார்த்துப் பேசுவது எப்படி, தொலைபேசியில் என்ன சொல்லி எடுப்பது, டை எப்படிக் கட்டுவது, மின்னஞ்சலை எப்படி முடிப்பது. வீட்டில் யாருமே அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை என்றால் இதையெல்லாம் யாரிடம் கேட்பது? வசதியான வீட்டுப் பிள்ளைகள் கற்காமலே கற்றுக்கொள்ளும் இந்தச் சங்கதிகளை இந்தப் பள்ளி பாடமாகவே வைத்தது. அதை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

பல கிறிஸ்டோ ரே பள்ளிகளில் ஒரு மேசையின் நான்கு பங்குதாரர்களும் நான்கு வகுப்பிலிருந்து வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நாள், பத்துக்கு ஒரு நாள், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. ஐந்தாம் நாள் சுழற்சியில் வரும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நாளில் வேலைக்குப் போய்விடுவதால் யாருக்கும் பாடம் தவறுவதில்லை. வேலைக்குப் போகும் நாளில் காலையில் பள்ளியில் கூடுகிறார்கள். உடை சரிபார்க்கப்படுகிறது. பள்ளி வண்டியிலோ ரயிலிலோ நகரத்துக்குப் புறப்படுகிறார்கள். மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இழந்த நாட்களை ஈடுகட்டப் பள்ளி நாளும் பள்ளி ஆண்டும் நீட்டப்பட்டிருக்கின்றன. வேலைக்கும் மதிப்பெண் உண்டு. மேலாளர் போடும் மதிப்பீடு, கணக்குப் பாடத்தின் மதிப்பெண்ணைப் போலவே பள்ளியின் பதிவில் ஏறுகிறது.

சட்டப்படி இந்தப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பது பள்ளியின் வேலைத் திட்ட அமைப்புதான். நிறுவனம் அதற்குப் பணம் கட்டுகிறது. பிள்ளை தன் ஊதியத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கிறது. செலவில் ஏறத்தாழ பாதி இப்படி வருகிறது. மீதியில் ஒரு சிறு பகுதியைக் குடும்பம் தன் சக்திக்கு ஏற்றபடி கட்டுகிறது, மற்றது நன்கொடை. வேலையில் தவறு செய்து நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டால், மீண்டும் பயிற்சி, வேறு இடம். வேலையே இல்லாமல் பள்ளியில் தொடர முடியாது.

பதினாலு வயதுப் பிள்ளை பள்ளி நேரத்தில் அலுவலகத்தில் இருக்கலாமா? அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர் விதிகள் பதினாறு வயதுக்குட்பட்டவர்களைப் பள்ளி நேரத்தில் வேலை வாங்க விடுவதில்லை. பள்ளி நாளில் மற்ற நேரத்திலும் மூன்று மணிக்கு மேல் கூடாது. படிப்பை விட்டுவிடும் அபாயத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான தொழில் அனுபவத் திட்டங்களுக்கு மட்டும் தளர்வு இருந்தது. கல்லூரிக்குப் போக நினைக்கும் ஏழைப் பிள்ளைக்கு அந்த விதியில் இடமே இல்லை. 2010-இல் மத்தியத் தொழிலாளர் துறை புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்தது. நான்கு வாரச் சுழற்சியில் மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு வாரம் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வரை என்று அது அனுமதிக்கிறது. ஒரு பள்ளியின் கால அட்டவணையை அப்படியே எடுத்துச் சட்டத்தில் வைத்ததுபோல் இருக்கும், அந்தப் பிரிவை வாசித்தால்.

பையன்களும் பெண்களும்

கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிப்பது பழைய வழக்கம் அல்ல. 1929 டிசம்பரில் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் கல்வி பற்றி எழுதிய சுற்றுமடலில் இருபால் கல்வியை வெளிப்படையாகவே எதிர்த்தார். இயேசு சபையின் உயர்நிலைப் பள்ளிகள் நூற்றாண்டுக் கணக்கில் பையன்களுக்கானவை. சிகாகோவின் இஞ்ஞாசியார் பள்ளி பெண்களுக்குக் கதவு திறந்தது 1979-இல். புறநகரில் உள்ள லயோலா அகாடமி 1994-இல்தான் திறந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த கிறிஸ்டோ ரே முதல் நாளிலிருந்தே இருபாலருக்கும் ஆனது.

பில்சனில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பது குடியேறிக் குடும்பங்களில் வழக்கம், அது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்தப் பெண், வாரத்தில் ஒரு நாள், வேலைக்கான உடை உடுத்து நாற்பதாம் மாடியில் வக்கீல்கள் நடுவே உட்காருகிறாள். அந்தக் கட்டடத்தை இரவில் துடைப்பவர்கள் அவளுடைய அத்தை, சித்தி போன்றவர்கள். பகலில் அதே கட்டடத்தில் மின்தூக்கி ஏறிப் போகிறவள் அவள். அங்கே அவள் செய்வது நகலெடுக்கும் வேலையாகவே இருக்கட்டும். அந்த மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள் இல்லை, அவர்களும் எழுத்துப்பிழை விடுகிறார்கள், அவர்களும் ஒரு கல்லூரியில் படித்துத்தான் இங்கே வந்தார்கள் என்று கண்ணால் பார்த்துவிடுகிறாள். வழக்குரைஞர் என்ற தொழிலைப் பற்றி எத்தனை வழிகாட்டி வகுப்பு நடத்தினாலும் இந்த ஒன்றைக் கற்பிக்க முடியாது.

இந்த முறை வேகமாகப் பரவியது. 2001-இல் கிறிஸ்டோ ரே பள்ளிகளின் கூட்டமைப்பு உருவானது. கலிபோர்னிய முதலீட்டாளர் பி.ஜே. காசின் அறக்கட்டளை அமைத்துப் பணம் போட்டார், கேட்ஸ் அறக்கட்டளையும் கைகொடுத்தது. இயேசு சபை மட்டுமல்லாமல் வேறு துறவறச் சபைகளும் சேர்ந்தன. சிகாகோவிலேயே, கறுப்பின மக்கள் வாழும் ஆஸ்டின் பகுதியில் 2008-இல் இரண்டாவது பள்ளி திறந்தது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 40 பள்ளிகள். அதே 2008-இல் ஜார்ஜ் புஷ், ஃபோலிக்கு ஜனாதிபதியின் குடிமக்கள் பதக்கம் கொடுத்தார்.

யார் தோளில்?

இந்தப் பள்ளியைப் பாராட்டி எழுதியவர்கள் அதிகம். அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி உண்மை. ஆனாலும் பாராட்டோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கத்தோலிக்கப் பள்ளியில் ஏழைப் பிள்ளை படித்த எந்தக் காலத்திலும் யாரோ ஒருவர் தன் உழைப்பை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அன்று அது கன்னியர். அவர்கள் கொடுத்தது வார்த்தைப்பாட்டினால், வளர்ந்தவர்களாக, தெரிந்தே. இன்று அந்தச் சுமை இறங்கியிருப்பது படிக்கும் பிள்ளையின் தோளில். பதினாலு வயதில் அதைச் சுமக்கச் சம்மதித்தேன் என்று எழுதிக் கொடுப்பதற்கும், முப்பது வயதில் மடத்தில் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கும் எத்தனையோ தூரம். ஓரிரு மைல் தள்ளி, அதே சபையார் நடத்தும் இஞ்ஞாசியார் பள்ளியில் படிக்கும் பையன் செவ்வாய்க்கிழமை மதியம் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். பில்சன் பையன் அந்த நேரத்தில் தபால் பிரிக்கிறான். இருவரும் பிறகு ஒரே கல்லூரி வாசலில் போட்டியிட வேண்டும்.

வேலை அனுபவம் அந்தப் பையனுக்கு ஒரு வலிமை என்று பள்ளிக்காரர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அது உண்மையிலேயே அத்தனை நல்ல கல்வி என்றால், பணக்காரப் பிள்ளைகளும் ஏன் அதைப் பெறக் கூடாது? அவர்கள் பள்ளிகளில் யாரும் இதைக் கட்டாயமாக்கவில்லை. இந்த வேலையில் கல்வியும் இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்வதுதான் நேர்மை. பள்ளியை நடத்துபவர்கள் மேல் இதில் குற்றமில்லை. ஏழைகளின் கல்விக்குப் பணம் தரக்கூடிய மற்ற எல்லாரும் கையை விரித்தபோது, கதவை மூடாமல் வைத்திருக்க அவர்கள் கண்ட வழி இது. கையை விரித்தவர்களில் பொருளாசை பிடித்த வெளியார் மட்டுமல்லாமல், கன்னியரின் உழைப்பில் மலிவாகப் படித்து முன்னேறிய கத்தோலிக்கத் தலைமுறைகளும் உண்டு.

அரசு பக்கம் நிலைமை ஊசலாட்டம். 2017-இல் இல்லினாய், தனியார் பள்ளி உதவித்தொகைக்கு நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனால் கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். பொதுப் பள்ளிகளுக்கான பணம் இதில் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2023 இறுதியோடு அந்தச் சட்டம் காலாவதியானது. புதுப்பிக்கப்படவில்லை. பொதுப் பள்ளிகளின் கவலையில் நியாயம் இருக்கிறது. சிகாகோவின் பெரும்பாலான ஏழைப் பிள்ளைகள் இன்றும் படிப்பது அங்கேதான். ஆனால் ஒரு உதவித்தொகையைக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு நடுவில் பிடுங்கிக்கொள்வது எந்தக் கட்சியின் கொள்கையாக இருந்தாலும் கொடுமை.

வேலையை நம்பி நிற்கும் பள்ளிக்கு வேறொரு பலவீனமும் உண்டு. சந்தை சரிந்தால் பள்ளியும் ஆட்டம் காணும். 2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் தொடங்கிய கிறிஸ்டோ ரே பள்ளி 2011-இல் மூடப்பட்டது. நியூ ஜெர்சியின் நெவார்க் பள்ளி 2020-இல் மூடியது. கொரோனாவுக்குப் பிறகு அலுவலக ஊழியர்களிலேயே பலர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். கோப்பு காகிதத்தில் இல்லை, தபால் அறை சுருங்கிவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை மாடியேறிப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய மனிதர்கள் பலர் அந்த மாடியில் இல்லை. மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் என்று பள்ளிகள் இப்போது வேறு இடங்களையும் தேடுகின்றன.

பில்சனும் மாறிவிட்டது. நகர மையத்துக்குப் பக்கம் என்பதால் வாடகை ஏறி, 2000-க்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அங்கிருந்து வெளியேறிவிட்டார்கள். பள்ளி எந்தத் தெருக்களுக்காகத் திறக்கப்பட்டதோ அந்தத் தெருக்களின் பிள்ளைகள் பலர் இன்று தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

ஆவணம் இல்லாத பிள்ளை

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று. வேலைக்கு வைக்கப்படும் எவரும் அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி தகுதி உடையவர் என்று ஆவணம் காட்ட வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கிறிஸ்டோ ரே மாணவரும் ஊழியர்தான், விதி அவருக்கும் பொருந்தும். பல கிறிஸ்டோ ரே பள்ளிகள் சேர்க்கையின்போதே இந்தத் தகுதியைக் கேட்கின்றன. பெற்றோர் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு எல்லை கடந்த பிள்ளையிடம் அந்தத் தாள் இருக்காது.

அரசுப் பொதுப் பள்ளி அந்தப் பிள்ளையை மறுக்க முடியாது. 1982-இல் டெக்சஸிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. குடியேறிகளின் பிள்ளைகளைக் காக்கவென்று நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் ஆயர்கள் கட்டளை போட்டு எழுப்பிய பள்ளி மரபில் வந்த ஒரு பள்ளி, குடியேறிகளிலேயே மிகவும் நாதியற்ற பிள்ளையைச் சேர்க்கத் தடுமாறுகிறது. படிக்க வைப்பதற்குச் சட்டம் தடை சொல்லவில்லை. வேலை பார்க்க வைப்பதற்குத்தான் தடை. படிப்பையும் வேலையையும் பிரிக்க முடியாதபடி பின்னிவிட்டதால் வந்த சிக்கல் இது.

2012-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த டாக்கா திட்டம் ஓரளவு மூச்சு விட வைத்தது. சிறுவயதில் கொண்டுவரப்பட்டு அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்குப் பதினைந்து வயதிலிருந்து அது வேலை அனுமதி கொடுத்தது. ஆனால் 2007 ஜூன் 15-க்கு முன்பே நாட்டுக்குள் வந்து, தொடர்ந்து வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தேதி இன்றுவரை நகர்த்தப்படவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆகவே அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வழி இல்லை. அதுபோகப் புதிய விண்ணப்பங்களுக்கு 2021-லேயே நீதிமன்றத் தடை விழுந்தது.

இதற்கு உடனடி வழி ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கு வேலைப் பங்கை முழுதாக ஈடுகட்டும் ஒரு நிதியைக் கூட்டமைப்பும் மறைமாவட்டங்களும் சேர்ந்து வெளிப்படையாக அமைக்க வேண்டும். வேலை நாட்களில் அந்தப் பிள்ளைகள் பள்ளியிலேயோ பங்கிலேயோ ஊதியம் சாராத பயிற்சி பெறலாம். வயதான கன்னியருக்காக டிசம்பரில் தட்டு ஏந்துகிற கோயில்கள், இந்தப் பிள்ளைகளுக்காக வேறொரு மாதத்தில் ஏந்தலாம். தொழிலாளர் விதியை 2010-இல் மாற்ற முடிந்தது. வேலைத் தகுதிச் சட்டத்தையும் டாக்காவின் தேதியையும் நிரந்தரமாகச் சரிசெய்யும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அது நகரும் வரை ஒரு பதினாலு வயதுப் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.